காளானுக்குப் பொது வைக்கோல் களம் வேண்டும்

காளான் வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு பயிற்சிக்கு வருகிறார்கள். வித்து எங்கே கிடைக்கும், கொட்டகைக்கு எவ்வளவு செலவாகும், கிலோ என்ன விலைக்குப் போகும்? அரசின் உதவித் திட்டங்களும் வங்கிக் கடன்களும் பெரும்பாலும் இந்த மூன்றுக்கே விடை சொல்லி நின்றுவிடுகின்றன. விளைச்சலைத் தீர்மானிப்பது நான்காவது கேள்வி: வைக்கோலை என்ன செய்யப்போகிறோம்? வைக்கோல் எப்படிச் சிதைகிறது, எந்தச் சூட்டில், எந்த நுண்ணுயிரின் கையில், எந்த இடத்தில் அந்தச் சிதைவை நிறுத்துகிறோம் என்பதில்தான் காளான் தொழிலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இந்த வேலையைச் சிறு விவசாயி தன் வீட்டுக் கொல்லையில் சரியாகச் செய்ய முடியாது. அது அவருடைய திறமைக் குறைவு இல்லை. குவியலின் அளவு இடம் தருவதில்லை. ஆகவே பொதுப் பணம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம், ஊர்கள் பலவற்றுக்குப் பொதுவான வைக்கோல் பதப்படுத்தும் களம் என்பதே என் வாதம்.

வைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நெல்லோ கோதுமையோ, தாளின் பெரும்பகுதி செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அவற்றைச் சுற்றி லிக்னின் என்ற கடினமான பொருள் இறுகப் பிணைந்திருக்கிறது. நெல் வைக்கோலில் இவற்றோடு சிலிக்காவும் அதிகம். உணவு உள்ளே இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது. தழைச்சத்தோ மிகக் குறைவு. கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 80 பங்கு கார்பன் இருக்கும். மொட்டுக்காளானுக்கான கம்போஸ்டைத் தொடங்கும்போது இந்த விகிதத்தைக் கோழி எரு, தவிடு, யூரியா சேர்த்து 25 அல்லது 30க்குக் கொண்டுவருகிறார்கள். இமாச்சலப் பிரதேசம் சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்குநரகம் பரிந்துரைத்த கலவைகளில் ஒன்று, 1,000 கிலோ கோதுமை வைக்கோலுக்கு 400 கிலோ கோழி எரு சேர்க்கச் சொல்கிறது. கம்போஸ்ட் தயாராகி முடியும்போது விகிதம் 16 அல்லது 17க்கு இறங்கியிருக்கும். இடையில் புதிதாக நைட்ரஜன் எதுவும் சேர்வதில்லை. கொஞ்சம் அம்மோனியாவாகப் போயும்விடுகிறது. ஆனால் கார்பன் அதைவிட வேகமாகக் கரியமில வாயுவாக வெளியேறுவதால், மிஞ்சிய பொருளில் நைட்ரஜனின் பங்கு கூடுகிறது. வைக்கோலின் உலர் எடையில் கால் பங்குக்கும் மேல் இப்படிக் காற்றில் கலந்துவிடுகிறது. அதை நட்டமாகக் கருதக் கூடாது. நுண்ணுயிர்கள் தின்று மூச்சுவிட்ட கணக்கு அது. அவற்றின் உடல்களும் அவை மாற்றிவைத்த பொருள்களுமே பிறகு காளானுக்குச் சாப்பாடு.

நனைத்து, எருவிட்டு, ஆள் மார்பளவு உயரத்துக்குக் குவித்த வைக்கோல் சில நாளில் தானே சூடேறுகிறது. நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தாண்டி 80ஐத் தொடும். அந்தக் குவியலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரே குவியலில் நான்கு வேறு நிலங்கள் தெரியும். வெளித்தோல் உலர்ந்து மஞ்சளாகவே இருக்கும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு உள்ளே ஒரு சாண் அளவுக்குத் தாளின் மேல் சாம்பல் தூவினாற்போல் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். சூட்டை விரும்பும் ஆக்டினோமைசீட்டுகள் அங்கேதான் மும்முரமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, உயிர்கள் தாங்காத சூட்டில், சர்க்கரையும் அம்மோனியாவும் வேதிவினையால் சேர்ந்து தாளைக் கரும்பழுப்பாக்குகின்றன. அடிநடுவில் காற்று புகாமல் நீர் தேங்கிய இடம் புளித்து நாறும். புரட்டிப் போடுவது இந்த நான்கையும் இடம் மாற்றத்தான்: வெளியில் இருந்தது உள்ளே, அடியில் இருந்தது மேலே. எல்லாவற்றையும் வெளியிலேயே குவித்து முடிக்கும் நீண்ட முறையில் 28 நாளில் ஏழெட்டுத் தடவை இப்படிப் புரட்டுகிறார்கள். ஒரு தடவை விட்டுப்போனாலும் குவியலின் ஒரு பகுதி வேகாமலும் இன்னொரு பகுதி புளித்தும் நிற்கும். படுக்கையில் ஓரிடம் காய்த்து ஓரிடம் வெறிச்சோடிக் கிடப்பதன் காரணம் அனேகமாக இந்தக் களத்தில் இருக்கும். கொட்டகைக்குள் தேடினால் கிடைக்காது.

இங்கேதான் அளவு குறுக்கே வருகிறது. குவியலின் சூடு முழுக்க நுண்ணுயிர்களின் மூச்சிலிருந்து பிறப்பது. அது இழக்கப்படுவது வெளித்தோலின் வழியாக. குவியல் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் பொருளோடு ஒப்பிடும்போது வெளித்தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும். சில நூறு கிலோ வைக்கோலாவது சேராவிட்டால் நடுப்பகுதி தேவையான சூட்டைப் பிடித்து நிறுத்தாது. ஐம்பது கிலோ வைக்கோலைக் குவித்தால் வெதுவெதுப்பாகி ஆறிவிடும். அந்த வெதுவெதுப்பில் ஈயும் நூற்புழுவும் பூசணமும் பெருகும்; அவற்றைக் கொல்லும் சூடு வராது. பெரிய குவியலைப் போட்டால் அதை நிரப்பக் கொட்டகை வேண்டும், புரட்ட ஆள் வேண்டும், விளைந்த காளானை ஒரே வாரத்தில் விற்க வேண்டும். சிறு விவசாயியால் இரண்டு பக்கமும் முடியாது. கைத்தேர்ச்சியையும் உழைப்பையும் எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மக்குவது என்றால் அழுகுவது என்று எடுத்துக்கொள்பவர்கள் அடுத்த கட்டத்தைத் தவறவிடுகிறார்கள். முதல் கட்டம் முடிந்த கம்போஸ்ட் கரும்பழுப்பாக, மணமும் நெடியும் கலந்து இருக்கும். ஆனால் அதில் அம்மோனியா நிறைந்திருக்கும். அந்த நிலையில் வித்திட்டால் காளான் இழை செத்துப்போகும். 1950களில் ஜேம்ஸ் சிண்டனும் ஹவுசரும் வகுத்த குறுகிய முறையின் சாரம் இந்த இடத்தில் இருக்கிறது. கம்போஸ்டை மூடிய அறைக்குள் வைத்து 58 முதல் 60 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தினால் ஈ முட்டையும் நூற்புழுவும் பகைப்பூசணமும் ஒழியும். பிறகு காற்றோட்டத்தோடு 45 முதல் 50 டிகிரிக்கு இறக்கிச் சில நாள் பிடித்துவைக்கிறார்கள். இந்தச் சில நாளில் ஸ்கைட்டாலிடியம் தெர்மோஃபிலம் என்ற சூடு விரும்பும் பூஞ்சையும் அதன் கூட்டாளிகளும் அம்மோனியாவை உண்டு தம் உடற்புரதமாக மாற்றுகின்றன. இந்தப் பூஞ்சையைச் சேர்த்த கம்போஸ்டில், சேர்க்காததைவிட மொட்டுக்காளான் விளைச்சல் ஏறத்தாழ இரட்டிப்பானதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990களில் காட்டினார்கள். எல்லா உயிரையும் கொன்று தூய்மையாக்கிய வைக்கோல் காளானுக்கு நல்லது என்ற எண்ணம் இதனால் அடிபடுகிறது. அப்படிப்பட்ட வைக்கோல் காவலில்லாத வயல். முதலில் வந்து இறங்குவது பச்சைப்பூசணமாகத்தான் இருக்கும். எளிதில் கரையும் சர்க்கரையை எல்லாம் நல்ல நுண்ணுயிர்கள் முன்கூட்டியே தின்று தீர்த்த கம்போஸ்டில் பச்சைப்பூசணத்துக்குப் பிழைப்பில்லை. காளானோ அந்த நுண்ணுயிர்களின் உடல்களையும், நைட்ரஜன் பிணைந்த லிக்னின் சேர்மங்களையும் உடைத்துத் தின்னத் தெரிந்தது.

அனுபவமுள்ள வளர்ப்பாளர் படுக்கையில் தோன்றும் களைப்பூஞ்சையைப் பார்த்தே கம்போஸ்டில் நடந்த பிழையைச் சொல்லிவிடுவார். மைக்குடைக்காளான் முளைத்தால் அம்மோனியா மிஞ்சியிருக்கிறது. ஆலிவ் பச்சைப் பூசணம் வந்தால் இரண்டாம் கட்டத்தில் காற்று போதவில்லை. பழுப்புச் சுண்ணாம்புப் பூசணம் படர்ந்தால் ஈரம் கூடிவிட்டது. கம்போஸ்டைக் கைப்பிடியில் இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. உள்ளங்கையில் பிசுபிசுப்பு ஒட்டக் கூடாது. தாளை முறுக்கினால் கொஞ்சம் எதிர்த்து அறுபட வேண்டும். மூக்கில் நெடி ஏறக் கூடாது. இந்தச் சோதனைகளில் தேறாத கம்போஸ்டில் எவ்வளவு உயர்ந்த வித்தை இட்டாலும் பயனில்லை. வெளியில் குவித்து முடிக்கும் நீண்ட முறையில் 100 கிலோ கம்போஸ்டுக்கு 10 முதல் 15 கிலோ காளான் என்பது வழக்கமான கணக்கு. அறையில் பதப்படுத்தும் குறுகிய முறையில் 18 முதல் 22 கிலோ வரை எடுக்கிறார்கள். வித்து அதே வித்துதான். வித்தியாசம் முழுக்கக் களத்தில் நடப்பது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மொட்டுக்காளான் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிரூட்டிய கூடங்களிலும் வளர்வது. சமவெளியில் சிறு விவசாயிகளும் மகளிர் குழுக்களும் வளர்ப்பது சிப்பிக்காளானும் பால்காளானும். இவற்றுக்குக் கம்போஸ்டே வேண்டாம், வெறும் நெல் வைக்கோல் போதும் என்பது அவர்கள் வாதம். உண்மைதான். சிப்பிக்காளான் லிக்னினைத் தானே உடைக்க வல்லது. மக்கவைக்கும் வேலையைப் படுக்கைக்குள்ளேயே செய்துகொள்கிறது. வைக்கோலின் சிதைவு இங்கே குவியலிலிருந்து பாலித்தீன் பைக்குள் இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. முதல் பதினைந்து இருபது நாளில் வெள்ளை இழை தாளைக் கவ்விப் பிடிப்பதற்குள் வேறு பூஞ்சை முந்திவிடக் கூடாது. அதற்காகத்தான் வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வரை அவிக்கச் சொல்கிறார்கள். வீட்டு அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி, நாள்தோறும் விறகு எரித்து இதைச் செய்யும் சுமை பெண்கள் மேல் விழுகிறது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது ரசாயன முறை: நூறு லிட்டர் தண்ணீரில் சில கிராம் கார்பன்டாசிமும் 125 மில்லி ஃபார்மலினும் கலந்து, வைக்கோலைப் பதினாறு முதல் பதினெட்டு மணி நேரம் மூழ்கவைப்பது. ஃபார்மலினில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை வகைப்படுத்தியது. கையுறையும் முகக்கவசமும் அணியச் சொல்லும் குறிப்பேடுகள் இருக்கலாம். காற்றோட்டமில்லாத கொல்லைப்புறத் தொட்டியில் குனிந்து வைக்கோலை அள்ளும் பெண்ணுக்கு அந்தக் குறிப்பு எவ்வளவு பாதுகாப்பு தரும்? மூடிய அறைக்குள் 60, 65 டிகிரி நீராவியில் சில மணி நேரம் வைத்தால் இந்த மருந்து எதுவும் தேவைப்படாது. அந்த அறையை வீட்டுக்கு வீடு கட்ட முடியாது. பல ஊர்களுக்குப் பொதுவாக ஒன்று கட்டலாம். சிப்பிக்காளானைச் சொல்லி இந்த யோசனையை மறுப்பவர்கள், உண்மையில் அதற்கு இன்னொரு காரணத்தைத் தருகிறார்கள்.

வைக்கோல் காளான் என்றே பெயர் பெற்ற வகையின் கதையும் இதைத்தான் சொல்கிறது. கோயம்புத்தூரில் அதை வளர்க்கும் முறை 1940களிலேயே பதிவாகியிருக்கிறது. நம் வெயிலுக்கு ஏற்ற, சுவையான காளான். ஆனாலும் அது நம்மிடம் பெரிய தொழிலாக வளரவில்லை. லிக்னினை உடைக்கும் வலு அதற்குக் குறைவு. பச்சை வைக்கோலில் 100 கிலோவுக்கு 10, 15 கிலோவைத் தாண்டுவது கடினம். பஞ்சாலைக் கழிவை மக்கவைத்து நீராவியில் பதப்படுத்தியபோது அதே காளான் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கொடுத்தது. திருப்பூரும் கோவையும் உள்ள மாநிலத்தில் பஞ்சுக்கழிவுக்குப் பஞ்சமில்லை. பதப்படுத்தும் களம் இல்லாததுதான் குறை.

பொதுக் களம் புதுமையான யோசனையும் இல்லை. இமாச்சலப் பிரதேசத்தின் தோட்டக்கலைத் துறை 1977இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு சோலனில் வித்து ஆய்வகத்தையும் மொத்தமாகக் கம்போஸ்டைப் பதப்படுத்தும் கூடத்தையும் அமைத்து, வளர்ப்பாளர்களுக்கு இரண்டையும் வழங்கியது. சோலன் பின்னாளில் காளான் நகரம் என்று பெயரெடுத்ததில் அந்தக் கூடத்துக்குப் பங்கு உண்டு. நெதர்லாந்தின் வளர்ப்பாளர்கள் 1950களில் கூட்டுறவாகச் சேர்ந்து கம்போஸ்ட் தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே பெரும்பாலான பண்ணைகளுக்கு வித்து ஓடி முடிந்த கம்போஸ்டே லாரியில் வந்து இறங்குகிறது. நமக்கும் இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் பாலைக் குளிரூட்டும் இயந்திரம் வாங்கச் சொல்லி நாம் கடன் கொடுக்கவில்லை. சங்கமும் குளிரூட்டு நிலையமும் பொதுவாக அமைந்ததால்தான் அவர் பால்காரராக நிலைத்தார். காளானில் மட்டும் ஒவ்வொருவரையும் தனித்தனிக் களத்துக்குப் பொறுப்பாக்குகிறோம். தேசியத் தோட்டக்கலை இயக்கத்தின் உதவிப் பட்டியலில் காளான் உற்பத்திக் கூடம், வித்துக் கூடம், கம்போஸ்ட் கூடம் மூன்றுமே இருக்கின்றன. ஆகவே சட்டமோ திட்டமோ தடையாக நிற்கவில்லை. மூன்றாவதை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் கையில், முதலாவதற்கு முன்பாகவே நிறுவ வேண்டும் என்ற வரிசைமுறைதான் வேண்டும்.

மாட்டுக்குப் போகும் வைக்கோலைக் காளானுக்குத் திருப்புவது சரியா என்ற கேள்வி நியாயமானது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வறண்ட மாவட்டங்களில் கோடையில் ஒரு கட்டு வைக்கோலுக்கு மாடு வைத்திருப்பவர் படும் பாடு பெரிது. அங்கே களம் அமைக்கக் கூடாது. ஆனால் அறுவடை இயந்திரம் ஓடிய டெல்டா வயல்களில், மழையில் நனைந்து மாடு தொடாமல் போகும் வைக்கோலும், கட்ட ஆளில்லாமல் மடக்கி உழப்படுவதும் கொளுத்தப்படுவதும் கொஞ்சமில்லை. சிப்பிக்காளானுக்கு நனைந்து கறுத்த வைக்கோல் உதவாது. அதற்குப் பொன்னிறம் மாறாத புது வைக்கோல் வேண்டும். எரு சேர்த்து 70 டிகிரிக்குச் சூடேறும் கம்போஸ்டுக்கோ கரும்புச் சக்கை முதல் இரண்டாந்தர வைக்கோல் வரை கலக்கலாம். நெல் வைக்கோல் கோதுமைத் தாளைவிட மென்மையாக இருப்பதால் சீக்கிரம் அமுங்கிக் காற்றை அடைக்கும். அதற்கேற்பக் கலவையையும் புரட்டும் நாளையும் மாற்ற வேண்டும். இந்த மாற்றங்களை ஒரு தொழில்நுட்பப் பணியாளர் உள்ள களம் செய்யும். தனி ஆள் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

நாற்றத்தைப் பற்றிய அச்சமும் பொய்யில்லை. கோழி எருவும் நனைந்த வைக்கோலும் திறந்தவெளியில் புளித்தால் அம்மோனியாவும் கந்தக வாயுக்களும் ஊரையே வளைக்கும். வட மாநிலங்களில் திறந்த களங்களைச் சுற்றிக் குடியிருப்போர் இதைக் குறை சொல்வது நியாயம். கந்தக நாற்றம் பெரும்பாலும் காற்று புகாத அடிப்பகுதியிலிருந்து வருவது. தரைக்கடியில் குழாய் பதித்து அடியிலிருந்து காற்றை ஊதும் பங்கர் முறையில் அந்த அடிப்பகுதியே உருவாவதில்லை. வெளியேறும் காற்றை வடிகட்டவும் முடியும். இதற்குக் காசு ஆகும். ஆனால் அந்தக் காசைப் பெரிய களத்தில்தான் செலவிட முடியும். நூறு கொல்லைப்புறங்களில் பரவிக் கிடக்கும் நாற்றத்துக்கு வடிகட்டி போட யாராலும் இயலாது. மழைநீர் பட்டு வழியும் சாற்றைத் தொட்டியில் பிடித்து மறுபடி குவியலிலேயே தெளிப்பதும் அப்படித்தான். வாய்க்காலில் விட்டால் அது மாசு, குவியலில் விட்டால் சத்து.

எனக்கே கவலை தரும் மறுப்பு வேறொன்று. கொல்லையில் கெட்டுப்போன கம்போஸ்ட் ஒரு வீட்டைக் கெடுக்கும். பொதுக் களத்தில் கெட்டுப்போன கம்போஸ்ட் நூறு வீட்டைக் கெடுக்கும். பொதுவாக நடத்தும் இடத்தில் அலட்சியம் நுழைவது எளிது என்பதற்கு நம் நாட்டில் சான்று தேட வேண்டியதில்லை. அதனால்தான் கம்போஸ்டை எடை பார்த்து விற்றால் போதாது; அளந்து விற்க வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஈரம், கார அமில நிலை, நைட்ரஜன் அளவு, அம்மோனியா, பதப்படுத்திய அறையின் வெப்பப் பதிவு ஆகியவை எழுதிய சீட்டு விவசாயியின் கையில் போக வேண்டும். ஈரம் 65 முதல் 68 விழுக்காட்டுக்குள் இல்லாத, அம்மோனியா 10 பிபிஎம்முக்கு மேல் உள்ள மொட்டுக்காளான் கம்போஸ்டைத் திருப்பி அனுப்பும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வித்திட்ட கம்போஸ்ட் பயணத்திலும் சூடேறிக்கொண்டே இருக்கும். மொட்டுக்காளான் இழை 35 டிகிரியில் சாகத் தொடங்கும். எனவே ஏற்றி அனுப்பும் வேலை இரவில் நடக்க வேண்டும். களம் தூரத்தில் இருக்கக் கூடாது. மாவட்டத்துக்கு ஒரு பிரம்மாண்டமான கூடத்தைக் கட்டித் திறப்புவிழா நடத்துவதைவிட, இரண்டு மூன்று ஒன்றியங்களுக்கு ஒன்றாக நடுத்தரக் களங்கள் போதுமானவை.

காளான் எடுத்து முடிந்த பிறகு மிஞ்சுவதையும் களமே திரும்பப் பெற வேண்டும். ஒரு கிலோ மொட்டுக்காளானுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ கழிவுக் கம்போஸ்ட் மிஞ்சுகிறது. லிக்னினும் மட்கும் செறிந்த நல்ல பொருள் அது. ஆனால் புதிதாக அப்படியே நிலத்தில் கொட்டினால் அதிலுள்ள உப்பு இளம் நாற்றை வாட்டும். சில மாதம் குவித்து ஆறவிட்டு மழையில் உப்பு கழிந்த பிறகு, வைக்கோல் கொடுத்த வயலுக்கே உரமாகத் திரும்பலாம். வைக்கோலை விற்றவர் மண்ணின் கரிமச் சத்தை விற்றுவிட்டாரே என்ற வேளாண் அறிஞர்களின் கவலைக்கு இதுவே பதில். வைக்கோலுக்குப் பணத்தோடு, இத்தனை வண்டி ஆறிய கம்போஸ்ட் என்பதையும் கொள்முதல் விலையில் சேர்த்துப் பேச வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது கொள்முதல் காலம். குறுவை வைக்கோல் அனேகமாக மழையில் சிக்கும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் வெயிலில் அறுவடையாகின்றன. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய காய்ந்த வைக்கோல் அப்போதுதான் மலிவாகக் கிடைக்கும். இயந்திரத்தால் கட்டி, மேடான தளத்தில் அடுக்கித் தார்ப்பாய் மூடி வைத்துக்கொள்ள அந்த ஆறு வாரம்தான் அவகாசம். ஆகவே களம் தொடங்கும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கட்டடத்துக்கான மானியத்தைவிட முன்னதாக, மார்கழிக்குள், வைக்கோல் வாங்கச் சுழல் நிதி கையில் இருக்க வேண்டும். பங்குனியில் வரும் பணத்துக்குக் கிடைப்பது வியாபாரியின் கிடங்கிலிருந்து இரட்டை விலையில் வரும் வைக்கோல்தான்.